ஐம்பத்தைந்து கிலோவுக்குள் ஒரு பழி

ஏப்ரல் 20, திங்கள்

இன்றைக்கு மைதானத்தில் கபடி முகாம் தொடங்கியது. பன்னிரண்டிலிருந்து பதினாறு வயசு வரைக்கும் இருபத்திரண்டு பெண் பிள்ளைகள். முழுப் பரீட்சை லீவில் பிள்ளைகள் செல்போனும் கையுமாகக் கெட்டுப் போகக்கூடாது என்று எங்கள் ஊர் விடிவெள்ளி மன்றம் வருஷா வருஷம் நடத்துவது. வெள்ளென எழுந்து ஓட்டம், மத்தியானம் வேப்பமரத்தடியில் படிப்பு, வெயில் தாழ்ந்ததும் கபடி. மூன்று வேளையும் சாப்பாடு. சமையல்காரி நான்தான், காமுத்தாய்.

மாஸ்டர் சவரிமுத்து எல்லாப் பிள்ளைக்கும் ஒரு நோட்டுக் கொடுத்தார். தினமும் நடந்ததை எழுத வேண்டுமாம். எழுதினால் மனசு தெளியுமாம். எனக்கும் ஒன்றை நீட்டினார்.

"என்ன பொங்குனீங்க, எம்புட்டு மிஞ்சுச்சுன்னு எழுதுங்கக்கா."

"நான் அஞ்சாங் கிளாஸோட நின்னவ மாஸ்டர். என் எழுத்தைப் படிக்க மருந்துக் கடைக்காரர்தான் வரணும்."

பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். மிஞ்சின கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டேன். நோட்டை நான் வைத்துக்கொண்டேன்.

காலையில் இட்லி, சாம்பார். மத்தியானம் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. மிச்சம் இல்லை.

இந்த ஆளை நான் பழிவாங்கப் போகிறேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

காரணத்தையும் எழுதி வைக்கிறேன். நடுவில் எனக்கு இரக்கம் கிரக்கம் வந்துவிட்டால் எடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மகள் பவுனுத்தாய் இதே மைதானத்தில் ஆடினாள். அப்போது பதினைந்து வயசு. எதிர்க் கோட்டுக்குள் பாடிப் போனால் மூன்று பேரைத் தொட்டுவிட்டு, கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்தவள் மாதிரித் திரும்பி வருவாள். திண்டுக்கல்லில் ஜில்லா அணிக்கு ஆள் எடுத்தார்கள். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் எடை ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டக்கூடாது. ஆட்டத்துக்கு முன்னால் தராசில் ஏற்றிப் பார்ப்பார்கள். ஒரு கிராம் கூடினாலும் வெளியே.

பவுனு நூற்றைம்பது கிராம் கூட இருந்தாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத பிள்ளை. இந்தச் சவரிமுத்து என்ன செய்தான்? பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தான். இடுப்பு வரைக்கும் கிடந்த சடையைக் கழுத்தோடு வெட்டினான். மறுபடி ஏற்றிப் பார்த்தால் இன்னும் அறுபது கிராம் அதிகம். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

முடியும் போச்சு, ஆட்டமும் போச்சு. தெருவில் பயல்கள் "மொட்டைப் பவுனு" என்று கூவினார்கள். நான் சும்மா இருப்பேனா? அவனுக்குக் 'கத்தரி மாஸ்டர்' என்று பேர் வைத்தேன். ஊரே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறது. ஆனால் பேர் வைத்தால் என் வயிற்றெரிச்சல் அடங்கிவிடுமா? பவுனு அதற்குப் பிறகு மைதானத்தை எட்டிப் பார்க்கவில்லை. பத்தாவது முடித்த கையோடு வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்குப் போய் அங்கேயே விடுதியில் தங்கிவிட்டாள். தீபாவளிக்கும் வருவதில்லை, பொங்கலுக்கும் வருவதில்லை. ஊருக்குள் பட்ட வெட்கம் அப்படி.

அவனுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஜெனிட்டா. பதினைந்து வயசு. மே பதினேழாம் தேதி அதே திண்டுக்கல்லில் தராசு ஏறப் போகிறாள்.

ஏப்ரல் 22, புதன்

ஜெனிட்டாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நெடுநெடுவென்று வளர்த்தி, அகலத் தோள், அதன் மேல் சதை என்று ஒன்றும் கிடையாது. தாய் கேரளாவில் நர்ஸ் வேலை, வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவள். தகப்பன் இவளுக்குச் சோற்றை அளந்து அளந்து போட்டிருக்கிறான். இரண்டு இட்லியோடு தட்டை மூடிவிட்டாள்.

"ஏத்தா, மூணாவது இட்லி உன்னையக் கடிச்சா வச்சிரும்?"

"அப்பா வைவாரு அத்தை."

"உங்கப்பா மைதானத்துக்கு மாஸ்டரு. அடுப்படிக்கு நான்தான் மாஸ்டரு. தின்னு."

தின்றாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

ஞாயிறு தோறும் எடை பார்க்கிறார்கள். பூ கமிஷன் கடையிலிருந்து ஒரு தராசைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மல்லிகைப் பூ நிறுத்த தராசில் இப்போது பிள்ளைகள் ஏறி நிற்கிறார்கள். ஜெனிட்டா ஐம்பத்திரண்டு கிலோ நானூறு.

எனக்கு இருப்பது மூன்று வாரம். ஏற்ற வேண்டியது இரண்டு கிலோ அறுநூற்றுக்குக் கொஞ்சம் மேலே. சந்தைக்கு ஆட்டுக்குட்டியைத் தயார் பண்ணுகிறவன்கூட இதைவிட நிதானமாகப் பண்ணுவான். பார்த்துவிடலாம்.

மத்தியானம் பருப்புச் சோறு. மிச்சம் ஒரு கரண்டி.

ஏப்ரல் 29, புதன்

உளுந்தங்களி கிண்டினேன். கருப்பட்டி, நல்லெண்ணெய். பொம்பளைப் பிள்ளைகளுக்கு இடுப்புக்கு நல்லது என்று மன்றத்தில் சொன்னேன், செலவுக்குச் சரி என்றார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஓர் உருண்டை. ஜெனிட்டாவுக்கு இரண்டு, நடுவில் குழி பறித்து எண்ணெய் ஊற்றி. மத்தியானம் அவள் சோற்றுக்கு அடியில் ஒரு முட்டையைப் புதைத்து வைத்தேன். தோண்டிக் கண்டுபிடித்ததும் என்னைப் பார்த்து முழித்தாள்.

"என்னத்தே இது?"

"பொதையலு. அரசாங்கத்துக்குச் சொல்லாம முழுங்கிரு."

வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். சிரிக்கும்போது கன்னத்தில் குழி விழுகிறது. அந்தக் குழியையும் நிரப்பாமல் விடமாட்டேன்.

மே 1, வெள்ளி

எள்ளுருண்டை. அவளுக்கு நாலு.

மே 3, ஞாயிறு

ஐம்பத்து மூன்று கிலோ அறுநூறு!

அடுப்படிக்குள் நின்று ஒரு சுற்று ஆடிவிட்டு, முகத்தை ஒன்றும் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அங்கே சவரிமுத்து எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்து, என்னை நடுவில் கூப்பிட்டான்.

"எல்லாரும் அக்காவுக்குக் கை தட்டுங்க. போன வருஷம் நாலு ரவுண்டு ஓடுறதுக்குள்ள பாதிப் பேரு மயங்குவீங்க. இந்த வருஷம் ஒருத்தி விழலை. ஜெனிட்டா பிடியை நேத்துப் பாத்தீங்கள்ல? அதெல்லாம் அக்கா கை."

நான் விஷமாக நினைத்துப் போட்டது இவர்களுக்கு டானிக்காகப் போயிருக்கிறது. இருபத்திரண்டு பிள்ளைகளும் கை தட்டுகிறார்கள். நான் கும்பிடு போட்டேன். வேறு என்ன செய்வது? மனசுக்குள், "தட்டுங்க, தட்டுங்க. பதினேழாம் தேதி யார் தலையில யார் தட்டுறான்னு பாப்போம்" என்று சொல்லிக்கொண்டேன்.

மே 7, வியாழன்

மன்றத்திலிருந்து ஒரு சின்னத் தராசு வாங்கிக் கொடுத்தார்கள். பிள்ளைக்கு எத்தனை கிராம் அரிசி, எத்தனை கிராம் பருப்பு என்று சீட்டில் எழுத வேண்டுமாம். புது விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி நானும் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தேன். தக்காளி, கரண்டி, என் வளையல். அப்புறம் ஓர் இட்லி. ஐம்பத்திரண்டு கிராம்.

பவுனு அன்றைக்குத் திண்டுக்கல் பஸ்ஸில் வாயில் போட்டதும் இட்லிதான். இரண்டே இரண்டு, தொண்டையை நனைக்க. முகம் வெளிறிப்போய் ஜன்னலில் சாய்ந்து கிடந்தாள். எந்தத் தாய் பார்த்துக்கொண்டிருப்பாள்? இரண்டு இட்லி என்றால் நூற்று நான்கு.

மூன்றாவதை அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

மூன்றையும் தூக்கித் தராசில் வைத்தேன். நூற்றைம்பத்தாறு.

அவர்கள் கூடுதல் என்று சொன்னது நூற்றைம்பது.

இந்தத் தராசு சரியில்லை. புதுச் சாமான் எதுவும் சரியாக இருப்பதில்லை. இதற்குள் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றார்கள்.

மே 8, வெள்ளி

எள்ளுருண்டை. அவளுக்கு ஆறு.

மே 10, ஞாயிறு

ஐம்பத்து நாலு எழுநூறு. சவரிமுத்துவுக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "ராத்திரிச் சாப்பாட்டைக் குறைச்சுக்க" என்றான். அப்புறம் அடுப்படிப் படியில் வந்து உட்கார்ந்தான். நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"பவுனு எப்படியிருக்காக்கா?"

"இருக்கா. முடி வளந்துருச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சிரித்துக்கொண்டு குத்தினால் ஆழமாக இறங்கும், எனக்குத் தெரியும்.

தலையைக் குனிந்துகொண்டான். "அன்னைக்கு நான் கேட்டேங்கா. ஏதாச்சும் சாப்பிட்டியா, தண்ணி கிண்ணி குடிச்சியான்னு. சாப்பிட்டிருந்தான்னா ஸ்வெட்டரை மாட்டி ஓட விட்டிருப்பேன். தின்னது குடிச்சது வேர்வையா எறங்கிரும், பாத்ரூம் போனா எறங்கிரும். இல்லவே இல்லைன்னு என் கையைப் பிடிச்சுச் சத்தியம் பண்ணா. வெறும் வயித்தோட காஞ்சு கெடக்குற புள்ளையை எங்கிட்டு ஓட விட? விழுந்து கிழுந்து வச்சா? முடியைத் தவிர வேற வழி தெரியலக்கா எனக்கு. தராசுதான் கோளாறுன்னு அங்கேயே சண்டை போட்டேன். ஒரு வருஷம் என்னைய எந்த ஆட்டத்துக்கும் விடாம ஒதுக்கி வச்சாங்க."

பொய் சொல்கிறான். மூன்று வருஷம் கழித்து எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

அந்த நேரத்தில் நான் எங்கே நின்றேன் என்று அவன் கேட்கவில்லை.

ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. மிச்சம் பாதிப் பானை.

மே 13, புதன்

பவுனுக்குப் போன் போட்டேன். ஷிப்டு மாறுகிற நேரம். பின்னால் ஒரே இரைச்சல்.

"ஏண்டி, ஞாயித்துக்கெழமை திண்டுக்கல்லுக்கு வாறியா? ஒரு வேடிக்கை காட்டுறேன். உனக்காகத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்."

"எனக்காக நீ ஒண்ணும் பண்ண வேணாம்மா."

வைத்துவிட்டாள். எப்போதும் இப்படித்தான். அந்த மில்லுச் சத்தத்தில் பிள்ளைக்குப் பேச்சே மறந்துவிட்டது.

மே 14, வியாழன்

ஜெனிட்டா ஐம்பத்தைந்து கிலோ முந்நூறு. இப்போது அவளைத் தினமும் தராசில் ஏற்றுகிறார்கள். சவரிமுத்து ஒரு நாளைக்கு ஒரு கோப்பைக் கஞ்சி என்று சட்டம் போட்டுவிட்டான். வெயிலில் அவளை மட்டும் தனியாக ஓட விடுகிறான்.

மத்தியானம் அவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கேட்கவில்லை, சும்மா நின்றாள். களி வாசம் வந்துகொண்டிருந்தது.

"அத்தை, செலக்ஷன் ஆயிட்டேன்னா எனக்கு விளையாட்டு ஹாஸ்டல்ல எடம் கெடைக்கும். பதினொண்ணாவது, பன்னெண்டாவது அங்கேயே படிக்கலாம். இல்லைன்னா அம்மா என்னையக் கேரளாவுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. அங்க கபடியே கெடையாதாம், எங்க அம்மா இருக்குற எடத்துல."

"அங்க புட்டு இருக்கு. போய் நல்லாத் தின்னு" என்றேன்.

சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

மே 16, சனி

ஐம்பத்து நாலு எண்ணூற்றைம்பது. இறக்கிவிட்டான். கெட்டிக்காரன்தான். இன்று மத்தியானத்திலிருந்து அவளுக்குத் தண்ணீர்கூட நாக்கை நனைக்க மட்டும்தான்.

நூற்றைம்பது கிராம் இடம் இருக்கிறது. ஓர் எள்ளுருண்டை நாற்பது கிராம். நாலு உருண்டை நூற்றறுபது. எள்ளைத் தின்றால் தண்ணீர் தவிக்கும். ஒரு சின்னப் பாட்டில் போதும்.

உருண்டை பிடித்து டப்பாவில் போட்டுவிட்டேன். முதல் இரண்டு நாள் எழுதினதை எடுத்துப் படித்தேன். 'பச்சைத் தண்ணீர் பல்லில் படாத பிள்ளை' என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கலாமா என்று பேனாவை எடுத்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன்.

மே 17, ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஆறு மணி பஸ். ஆட்டத்துக்கு ஏழு பிள்ளைகள், அவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக் கூடையோடு நான். சவரிமுத்து முன்னால் டிரைவர் பக்கத்தில். ஜெனிட்டா என் பக்கத்து ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். உதடு வெடித்திருந்தது. டப்பாவைத் திறந்து அவள் மூக்குக்கு நேராகப் பிடித்தேன்.

"வேணாம் அத்தை."

"கண்ணைச் சொருகிக்கிட்டுக் கெடக்க. தராசுல ஏறுறதுக்கு முன்னாடி விழுந்துட்டா? ஒண்ணே ஒண்ணு."

ஒன்றுதான் தின்றாள். அப்புறம் பசி என்கிற பேய் அவளைப் பிடித்துக்கொண்டது. நாலும் போச்சு. தண்ணீர்ப் பாட்டிலை நான் கொடுக்கவில்லை, கூடையின் மேல் நிமிர்த்தி வைத்தேன், அவ்வளவுதான். அவளே எடுத்துக் குடித்தாள்.

திண்டுக்கல் மைதானத்தில் பெரிய கூட்டம். எடை பார்க்க ஒன்பதரை வரைக்கும்தான் நேரம். ஜெனிட்டா ஏறும்போது எட்டு ஐம்பது. மேஜையில் இருந்தவர் சத்தமாகப் படித்தார், "ஐம்பத்தைந்து, இருநூறு."

சவரிமுத்துவின் முகத்தை நான் மூன்று வருஷமாக மனசுக்குள் வரைந்து வைத்திருந்தேன். இந்த நேரத்தில் அது எப்படிச் சுருங்கும் என்று. வரைந்த மாதிரியேதான் சுருங்கியது. நன்றாகப் பார்த்துக்கொண்டேன். இனிப்பாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

அவன் மகளின் இரண்டு தோளையும் பிடித்தான். "நேத்து ராத்திரி எண்ணூத்தம்பது இருந்துச்சு. காலையில ஏதாச்சும் சாப்பிட்டியாம்மா? தண்ணி குடிச்சியா?"

ஜெனிட்டா தகப்பனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. திரும்பி, "இல்லப்பா" என்றாள்.

"உண்மையாவா?"

"சத்தியமா இல்லப்பா." அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்படித்தான் பவுனுவும் என்னைப் பார்த்தாள். இதே மைதானம், இதே மாதிரி வெயில். அப்போது அவள் ஏன் என்னைப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். எனக்கு விளங்கியிருந்தது.

அவன் பையைத் திறந்து கத்தரிக்கோலைத் தேடினான். "தாயே, என்னைய மன்னிச்சிரும்மா" என்று மகளிடம் சொன்னான். அவள் தானாகவே சடையை முன்னால் எடுத்துப் போட்டு அவனுக்கு வசதியாக நின்றாள்.

"நான்தான் குடுத்தேன்" என்றேன்.

அவனுக்குக் கேட்கவில்லை.

"மாஸ்டர், நான்தான் குடுத்தேன். நாலு எள்ளுருண்டை, ஒரு பாட்டில் தண்ணி. பஸ்ல வச்சு. வேணுமின்னேதான் குடுத்தேன். முடியைத் தொடாதீங்க. ஓட விடுங்க, எறங்கிரும்."

அவன் கத்தரியைப் பிடித்தபடி என்னையே பார்த்தான். வாய் ஒருமுறை திறந்தால் என்னால் மூட முடியாது, ஊருக்கே தெரியும்.

"அன்னைக்கும் நான்தான் குடுத்தேன். மூணு இட்லி."

அவர் கத்தரியைப் பைக்குள் போட்டார். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு கத்தினார், "ஸ்வெட்டர்! எவகிட்டடி ஸ்வெட்டர் இருக்கு?"

இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு மழைக்கோட்டு. மே மாசத்து வெயிலில் அந்தப் பிள்ளை மைதானத்தைச் சுற்றி ஓடியது. ஆறு பிள்ளைகளும் கூடவே ஓடினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் துப்பச் சொன்னார், துப்பினாள். கழிப்பறைக்கு அனுப்பினார். மறுபடி ஓட்டம். நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பது இருபத்தைந்துக்குத் தராசில் ஏற்றினார்கள்.

"ஐம்பத்து நாலு, தொள்ளாயிரத்து எண்பது."

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் மேஜைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். நான் கம்பத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆட்டத்தைப் பற்றி என்ன எழுத? வேர்த்து வாடினவள் முதல் பாதியில் நிற்கவே திணறினாள். இரண்டாம் பாதியில் பிடித்தாள் பாருங்கள் ஒரு பிடி, பாடி வந்தவள் கோட்டை எட்டவே இல்லை. சாயங்காலம் ஜில்லா அணிக்கு எடுத்த பன்னிரண்டு பிள்ளைகளின் பேரை வாசித்தார்கள். ஒன்பதாவது பேர் ஜெனிட்டா.

திரும்பும் பஸ்ஸில் மாஸ்டர் என் பக்கத்து இருக்கைக்கு வந்தார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

"கத்தரி மாஸ்டர்னு பேரு வச்சது நீங்கதான்னு எனக்கு அப்பவே தெரியும். பொருந்துதேன்னு பேசாம இருந்தேன்."

"ஆமா மாஸ்டர்."

"பேரு போகட்டும். இது இருபத்திரண்டு பிள்ளைங்க நம்பி நீட்டுன தட்டுக்கா. நாளையிலேருந்து வராதீங்க."

"சரி மாஸ்டர்."

வேடிக்கையாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

மே 18, திங்கள்

வீட்டில் இருந்தேன். பொங்கவில்லை.

மே 20, புதன்

மைதானத்துப் பக்கமிருந்து பிள்ளைகள் பாடிப் போகிற சத்தம் கேட்கிறது. புதுச் சமையல்காரி சாம்பாரில் பெருங்காயத்தை அள்ளிப் போடுகிறாள். மூன்று தெருவுக்கு வாசம். சொல்லலாம் என்று கிளம்பி, பாதியில் திரும்பிவிட்டேன்.

மே 24, ஞாயிறு

மில்லு விடுதிக்குப் போனேன். ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி நேரம் பார்க்க விடுவார்கள். தகரக் கொட்டகை, நீள பெஞ்சு. ஏழெட்டுத் தாய்மார் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் இந்தத் தடவை வெறுங்கையோடு போனேன்.

பவுனு வந்து பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள்.

"வேலை போச்சாமே."

"யாருடி சொன்னா?"

"ஜெனிட்டா போன் பண்ணுனா. செலக்ஷன் ஆனதைச் சொல்ல."

"உங்கிட்ட எல்லாம் அவ பேசுவாளா?"

"பேசுவா. நீ என்ன சொல்ல வந்த, அதைச் சொல்லு."

மில்லுச் சாப்பாட்டைப் பற்றி ஒரு கேலி பண்ணிப் பார்த்தேன். வாசல் காவல்காரர் மீசையைப் பற்றி ஒன்று. அவள் முகம் அசையவில்லை. சரி என்று சொன்னேன். பஸ்ஸையும், மூன்றாவது இட்லியை வேண்டாம் என்றவள் வாயில் நான் திணித்ததையும்.

"எனக்குத் தெரியாதாம்மா? தின்னது நானு."

"அப்பறம் ஏண்டி மாஸ்டருகிட்ட இல்லைன்னு சத்தியம் பண்ணுன?"

"நீ பக்கத்துல நின்ன. அவரு கேட்டதும் டிபன் டப்பாவைச் சேலைக்குள்ள சொருகுன. நான் பாத்தேன். அதான் இல்லைன்னேன்." துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். குரல் ஏறவில்லை. "சரி, அம்மா சொல்லும்னு நெனச்சேன். அவரு சடையைப் பிடிச்சாரு. இப்பச் சொல்லும்னு நெனச்சேன். வெட்டுனாரு. வீட்டுக்குப் போயாவது எங்கிட்ட மட்டும் சொல்லும்னு நெனச்சேன். நீ அவருக்குப் பேரு வச்சுட்டுத் தெருத்தெருவாச் சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்ச."

"அந்தப் பயலுக உன்னைய மொட்டைன்னு..."

"பயலுக சொன்னா மறு வாரம் மறந்துருவானுக. ஊருக்கு வெக்கப்பட்டுத்தான் வராம இருக்கேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்க. ஊரு எனக்கு என்ன பண்ணுச்சு? ஆறு பண்டிகை நான் வராம இருந்தது உன்னைய நோகடிக்கத்தாம்மா. உனக்கு அது உறைக்கவே இல்லை."

உறைக்காமல் என்ன. வேறு பேர் போட்டு வைத்திருந்தேன்.

"மன்னிச்சிருடி."

"அதெல்லாம் இப்ப முடியாது."

மணி அடித்தார்கள். எழுந்தாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன், அவள் கொடுக்கவில்லை. நாலு எட்டுப் போனவள் திரும்பி நின்றாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை வா."

"வந்து?"

"இதையே சொல்லு. மொதல்லேருந்து. நடுவுல கேலி கீலி பண்ணாம."

"எத்தனை வாரத்துக்குடி?"

"எனக்குப் போதும்னு தோணுற வரைக்கும்."

போய்விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "மக வெடுக்குனு பேசுறாளே" என்றாள்.

"வெடுக்கா? பழிக்காரி. அப்படியே என்னைய உரிச்சு வச்சிருக்கா" என்றேன். சொல்லும்போதே அழுகையும் பெருமையுமாகச் சேர்ந்து வந்தது.

வெளியே வந்து காவல்காரரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பக்கமிருந்து காலை ஏழேகாலுக்கே ஒரு பஸ் இருக்கிறதாம்.